சார்பில்

லிஃப்ட் பழுதுகளுக்கென்றே எங்கள் கம்பெனியில்
ஓர் அஞ்சல்பெட்டி.
ஊபியில், டயர் கடைக்கு மேலே, நான்காம் மாடியில்
பதினான்கு பேர் அதைத் திறப்போம்.
அது யார் பெயரிலும் இல்லை.

யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்பது
பதினோரு வருடமாக என் விரலில் இருந்தது.
படிக்க மட்டும் ஓர் உரிமை.
பெட்டியாகவே மாறி எழுத ஓர் உரிமை.
பெட்டியின் சார்பில் எழுத இன்னோர் உரிமை:
அதில் மட்டும் எழுதியவர் பெயர்
கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்போல
ஓரமாக நிற்கும்.

பள்ளியில் வேற்றுமை உருபுகளை
வாய்ப்பாடாய் ஒப்பித்தபோது தெரியாது,
'ஆக' என்பதற்கும் 'சார்பில்' என்பதற்கும் நடுவே
எனக்கொரு சம்பளம் காத்திருப்பது.

ஹஃபீஸ் 'ஆக'வைத்தான் கேட்பான்.
"என் பேர் தெரிஞ்சா, அக்கா,
ஆன்ட்டிங்க நேரா எனக்கே போன் போடுறாங்க."
கொடுத்தேன்.
சியூ லிங் கேட்டாள், கொடுத்தேன்.
கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன்.
தோ பாயோவில் இரவு இரண்டரைக்கு
லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு
'மூச்சை மெதுவாக விடுங்கள், ஆள் கிளம்பிவிட்டார்' என்று
எழுதியது யார்?
பதிவேட்டில் இருக்கும். நான் பார்க்கவில்லை.
அனுப்புநர்: சேவைப் பிரிவு.
மறுநாள் அவர் அனுப்பிய அன்னாசி டார்ட் டப்பாவை
பதினான்கு பேரும் தின்றோம்.

பிறகு மேலிடத்து உத்தரவு:
ஒருத்தியையே நம்பி ஒரு கம்பெனி இருக்கக்கூடாது.
என் முழங்கால் அறுவைக்கும் தேதி குறித்தாகிவிட்டது.
உரிமை கொடுக்கும் உரிமையை
மெஹரூன் நிஷாவுக்குக் கொடுத்தேன்.
கற்றுத்தர ஒன்றும் இருக்கவில்லை,
என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.
ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு சரிக்குறி.
'நடைமுறைக்கு வர அறுபது நிமிடம் ஆகலாம்'
என்றது திரை.
அந்த அறுபது நிமிடத்துக்குக் கீழே இறங்கி
இரண்டு கோப்பி ஓ கோசோங் வாங்கினோம்.
அவளுடையது ஆறியது.
என்னுடையதைக் குடித்ததாக ஞாபகம் இல்லை.

அறுவை முடிந்த நான்காம் நாள்
கைபேசியில் ஒரு வரி:
உங்கள் அனுமதி நீக்கப்பட்டது.

ஐந்து பேரை எடுத்திருந்தாள்.
வேலையை விட்டுப்போய் மூன்று வருடமான இருவர்,
ஜொகூருக்கு மாற்றலான ஒருவர்,
யாரென்றே நினைவில்லாத ஒருவர்,
நான்.
விடுப்பில் இருப்பவருக்கு எதற்கு அனுமதி?
விதியை எழுதியதே நான்தானே. மூன்றாம் பக்கம்.
சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்று
இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.
அன்று இரவு கைபேசி ஒருமுறைகூட முனகவில்லை.
தீவு முழுக்க எல்லா லிஃப்டும்
ஒழுங்காக ஓடுவதுபோல
தூக்கம் வராமல் படுத்திருந்தேன்.

ஐந்தாம் வாரம். ஹவ்காங்.
எங்கள் புளோக்கின் கீழ்த்தளம்.
ஒரு கையில் ஊன்றுகோல்,
மறு கையில் ஃபேர்பிரைஸ் பை, அதில் உருகும் மீன்.
'பி' லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றுவிட்டது.
'ஏ' லிஃப்ட் காலையிலிருந்தே மூடிக்கிடக்கிறது.
என் வீடு பதினொன்றில்.

அந்தப் பெட்டிக்கு
முதல்முறையாக வெளியிலிருந்து எழுதினேன்.
புளோக் எண், லிஃப்ட் எழுத்து, நேரம்.
ஒரு குடியிருப்பாளர் எப்படி எழுத வேண்டுமென்று
நாங்கள் ஏங்குவோமோ அப்படி.

நாலு நிமிடத்தில் பதில்.
'உங்கள் பொறுமைக்கு நன்றி,.'
புள்ளிக்கு முன்னால் அந்தக் காற்புள்ளி
பதினோரு வருடம் முன்பு நான் விட்ட பிழை.
யாரும் திருத்தவில்லை.
ஆனால் அனுப்புநர் வரி மாறியிருந்தது:
மெஹரூன் நிஷா, சேவைப் பிரிவின் சார்பில்.
எல்லோரிடமிருந்தும் 'ஆக'வைப் பிடுங்கிவிட்டாள் போல.
ஹஃபீஸின் போன் இந்நேரம் அலறிக்கொண்டிருக்கும்.

அதற்கும் கீழே, வார்ப்புருவில் இல்லாத ஒரு வரி:
'அக்கா, நிக்காதீங்க. எங்கயாச்சும் உக்காருங்க.
ஹஃபீஸ் வர்றான்.'

கல் மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்
இடம் விட்டார்கள்.
மீன் பையைக் காலடியில் வைத்துவிட்டு
'சரிம்மா' என்று அனுப்பினேன்,
என் பெயரிலேயே.